குடியோட்டி

மாசி பிறந்த கையோடு கிணற்றடிக்கு மேற்கே
சாம்பல் பூசின இலைகளாய்க் கிளம்பியது.
முதலில் முள்ளுக்கீரை என்று நினைத்தேன்.
முள்ளுக்கீரைக்கு முள் கணுவில்தான்.
இதற்கோ இலையோரம் முழுக்க,
நரம்பின் முதுகில்,
மொட்டின் உச்சந்தலையிலும்கூட.
நரம்பெல்லாம் வெள்ளை,
யாரோ சுண்ணாம்பால் கீறிப் பார்த்தமாதிரி.

நிச்சயம் தெரியவேணுமென்றால்
ஒரு தண்டை ஒடிக்கவேணும்.
வெள்ளைப் பால் வந்தால் வேறு ஏதோ.
மஞ்சள் வந்தால் அதுதான்.
மஞ்சள் வந்தது,
மூன்று நாள் சவர்க்காரத்துக்கும் அசையாத மஞ்சள்.

மாட்டுக்குப் புல்லறுக்க வந்த தர்மபூபதி அக்கா
வேலிக்கு அங்காலை நின்று சொன்னா:
"உது பிரமதண்டெல்லோ. குடியோட்டி என்றும் சொல்லுவினம்.
முளைச்ச வளவிலை ஆக்களை இருக்க விடாதாம்."
உழவாரத்தை மண்ணில் குத்திவிட்டுச் சிரித்தேன்.
அக்கா, விசுவமடுவை விட்டு எங்களை ஓட்டினது
ஒரு பூண்டு என்றால்
அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு இருந்திருப்பமே.
அவவும் சிரித்தா.
பிறகு இரண்டு பேரும் கொஞ்சநேரம்
மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.
மாடு இதில் வாய் வைக்காது.
ஆடும் முகர்ந்துவிட்டு விலகிப் போகும்.

ஏழு வருஷம் முகமாலையில்
மிதிவெடி எடுக்கிற வேலை செய்தவள் நான்.
ஒரு மீற்றர் அகலப் பாதை, சிவப்புத் தடி,
முகத்துக்கு மறைப்பு, முழங்காலில் நின்று
மண்ணை நகத்தளவு நகத்தளவாய்ச் சுரண்டல்.
நாளுக்கு ஒரு பாய் விரிக்கிற நிலம்,
சில நாள் தலையணை வைக்கிற நிலம்.
அங்கே கையில் முள் ஏறினால்
றெஜினா திரும்பிப் பார்த்துச் சொல்லுவாள்:
முள்தானே.

அந்தப் பொறுமை இங்கே உதவவில்லை.
பூ வந்தபிறகு இதற்குப் பொறுக்கத் தெரியாது.
காயின் நுனி பிளந்தால்
கடுகு கடுகாய்க் கொட்டிவிடும்;
கடுகென்று நம்பித் தாளித்தவர்கள்
கால் வீங்கிப் படுத்த கதையும் உண்டு.
கொட்டினது எத்தனை மாரிக்கும் மண்ணுக்குள் கிடக்கும்.

கமநல நிலையத்துப் பெடியன் மருந்தடிக்கச் சொன்னான்.
பத்தடியில் கிணறு, தம்பி, என்றேன்.
அவன் கிணற்றைப் பார்த்தான், படிவத்தைப் பார்த்தான்,
போய்விட்டான்.

அதனால் பின்னேரத்தில் நாலு வாளி தண்ணீர்,
விடிய வெயிலுக்கு முன்னம் உழவாரம்.
வேர் ஆணிமாதிரி நேரே இறங்கும்.
கழுத்தோடு அறுந்தால் பிறகும் துளிர்க்கும்;
சரித்து இறக்கி, ஒரு நெம்பு,
முழுசாய் வந்தால் 'ளொக்' என்று ஒரு சத்தம்.
எருக்குழியில் போடவில்லை.
தகரத்தில் காயவிட்டுக் கொளுத்தினேன்.
கையில் போட்டிருந்தது
வேலையால் நின்ற அன்று
திருப்பிக் கொடுக்காத ஒரேயொரு சோடிக் கையுறை.
அதைப்பற்றி இன்னும் கொஞ்சம் வெட்கம்தான்.

என் வளவு துப்பரவாய்ப் போச்சு.
வேலிக்கு மேற்கே குணமணி ஆக்களின் காணி
மஞ்சள் பூவாய்ப் பூத்துக் கிடக்கிறது.
கூரை இல்லை. ஆட்களைப்பற்றித் தகவல் இல்லை.
காணி அவர்களுடையது,
சோளகம் தொடங்கினால் விதை என்னுடையது.

போன ஞாயிறு கறுக்குமட்டையை விலக்கிக்கொண்டு போனேன்.
வேலியிலிருந்து ஒரு மீற்றர் அகலம், அவ்வளவுதான்.
அடுத்த ஞாயிறு இன்னொரு மீற்றர்.
அனுமதி கேட்க ஆளில்லாத இடத்தில்
எதுவரைக்கும் களை பிடுங்கலாம் என்று
எனக்குத் தெரியாது.

இன்றைக்கு அவர்களின் கிணற்றடிக்கு வந்துவிட்டேன்.
உடுப்புத் தோய்க்கிற கல் சரிந்தபடி இருக்கிறது,
ஒரு பக்கம் தேய்ந்து வழுவழுப்பாய்.
அதில் குந்தியிருந்து
கையுறை கிழிந்த இடத்தால் ஏறினதைப்
பல்லால் இழுத்தேன்.
கசந்தது.
துப்பிவிட்டு, அடுத்த செடியைப் பார்த்தேன்.
காய் இன்னும் பச்சை.